குளித்து முடிக்காத பெண்

கோத்தகிரியில் பழைய டிப்போ லைன் என்று ஆறு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஓர் இடம் உண்டு. அந்த ஆறு வீட்டுக்காரர்களும் அந்தக் குளிர்காலத்தில் பல வாரங்கள் காலை ஆறு நாற்பதிலிருந்து ஏழு மணி வரை குழாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் ஆறு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி, இரண்டு வீட்டில் குழாய் திறந்தால் மற்ற வீடுகளில் தண்ணீரின் வேகம் குறைந்துவிடும், வேகம் குறைந்தால் கேஸ் கீசர் அணைந்துவிடும், கீசர் அணைந்தால் நான்காவது வீட்டுக் குளியலறையில் குளித்துக்கொண்டிருக்கும் சுகிர்தாவுக்குக் குளிரும். சுகிர்தா ஐப்பசியிலேயே செத்துப்போயிருந்தாள்.

நான்காவது வீட்டில் கதிர்காமன் குடியிருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த அவருடைய அப்பா, விட்டுவிட்டு வந்த கோயிலின் பெயரை மகனுக்கு வைத்திருந்தார், ஆனால் ஊரில் கீசர்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். டிக் டிக் டிக் என்று பொறி அடித்தும் பற்றவில்லை என்று போனில் சொன்னால், வீட்டுக்கு வராமலே, அடியில் இருக்கும் இரண்டு பேட்டரியையும் மாற்றுங்கள் என்பார். பற்றிப் பற்றி அணைகிறது என்றால் தண்ணீர் வேகம் போதவில்லை என்பார். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை என்றால் செம்புக் குழாய்க்குள் உப்புப் படிந்திருக்கிறது, நாளைக்கு வந்து கழுவித் தருகிறேன் என்பார். தீ மஞ்சளாக எரிகிறது என்று யாராவது சொன்னால் மட்டும், "உடனே அணைங்க, ஜன்னலத் திறங்க, நான் கிளம்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார். தீ மஞ்சளாக எரிந்தால் அதற்குக் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம், காற்றுப் போதாத தீ ஒரு விஷக்காற்றைக் கக்கும், அதற்கு நிறமும் கிடையாது மணமும் கிடையாது, குளித்துக்கொண்டிருப்பவருக்குத் தலை கனக்கும், பிறகு கால் துவளும், பிறகு ஒன்றும் தெரியாது. இதை அவர் கீசர் மாட்டிய ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில்தான் மாட்டியிருக்கிறார்.

தான் குடியிருந்த வீட்டில் மட்டும் உள்ளே மாட்டினார். சுவர் ஒன்றரை அடிக் கருங்கல், அதை உடைத்துத்தான் குழாயை வெளியே கொண்டுபோக முடியும். வீட்டின் சொந்தக்காரர் போஜன், "மழை முடியட்டும் கதிர், இப்ப ஒடச்சா செவுரு முழுக்க ஈரம் எறங்கிரும்" என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று கதிர்காமன் கீசரை உள்சுவரில் தொங்கவிட்டார். மேலே கையகலத்துக்கு ஒரு வெண்டிலேட்டர் இருந்தது, அதில் சாரல் அடிக்கிறது என்று சுகிர்தா ஓர் அட்டையைச் செருகி வைத்தாள்.

சுகிர்தா கதிர்காமனுக்கு ஒரே மகள். இருபத்துமூன்று வயது. பரீட்சை எழுதித் தாலுகா ஆபீசில் சர்வேயராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்கத் தேயிலைச் சரிவுகளில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவாள், எல்லைக் கல்லைத் தேடிப் புதருக்குள் புகுவாள், மூக்கு நுனி எப்போதும் வெயிலில் உரிந்திருக்கும். அந்த அலுப்பெல்லாம் போக வேண்டுமானால் காலையில் இருபது நிமிஷம் வெந்நீரில் நிற்க வேண்டும் என்பாள், நின்றுகொண்டே, கதவுக்கு வெளியே இருக்கும் அம்மாவிடம் முந்தின நாள் கதையையெல்லாம் சொல்லுவாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் கதிர்காமன் முகம் கழுவும்போது, கீசரின் சிறிய கண்ணாடி வழியாகத் தீயின் நுனி மஞ்சளாக இருப்பதைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அரவேனுவுக்குப் போனார், அங்கே ஒரு வீட்டில் வேறு யாரோ குளியலறைக்குள் மாட்டிவிட்டிருந்த கீசரை வெளியே மாற்றுவதற்காக. அந்த வீட்டில் சின்னக் குழந்தைகள் இரண்டு இருந்தன, ஒருநாள்கூட அதை உள்ளே விட்டுவைக்கக்கூடாது என்று அவர்தான் அவசரப்படுத்தியிருந்தார். அங்கே சுவரில் கடைசித் திருகை இறுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது.

கதவை உடைத்து அவளை வெளியே எடுத்தவர்கள், அவள் தூங்குவதுபோல் இருந்தாள் என்றும் கன்னம் சிவந்திருந்தது என்றும் சொன்னார்கள். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் யாரோ கழற்றி எடுத்துப்போனார்கள், வெறும் ட்யூப் மட்டும் சுவரோரம் தொங்கியது. கதவை ஆசாரி மறுபடி பொருத்தினார். கதிர்காமன் தன் ஸ்பானர் பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டார். அவருடைய மனைவி பவளக்கொடி அடக்கத்தன்றும் அழவில்லை, கருமாதியன்றும் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு, குளியலறைக்குள் டிக் டிக் டிக் என்று பொறி அடித்தது, பொசுக்கென்று தீப் பற்றியது, வாளியில் தண்ணீர் விழுந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அம்மா, துண்டு எடுக்க மறந்துட்டேன், கதவுமேல போடு."

பவளம் துணிக்கொடியிலிருந்து துண்டை உருவிக் கதவின்மேல் போட்டாள். உள்ளேயிருந்து யாரோ இழுத்துக்கொள்ள, துண்டு கதவுக்கு அந்தப் பக்கம் போயிற்று. பவளம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கதிர்காமன் பல் துலக்கிய பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, சிலிண்டர் இல்லாத ட்யூப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கொடநாட்டுப் பக்கம் அளக்கப்போன ஒரு தோட்டத்தைப் பற்றிச் சொன்னாள், எல்லைக் கல்லின்மேல் ஒரு காட்டெருமை படுத்துக்கொண்டு எழவே மாட்டேன் என்றதாம், மூன்று மணி நேரம் காத்திருந்தார்களாம். அவள் சிரித்தாள். மக் தண்ணீருக்குள் அமிழும் சத்தமும் தலையில் ஊற்றும் சத்தமும் கேட்டன. ஆறு ஐம்பத்தேழுக்கு, "அம்மா, தலை என்னமோ பண்ணுதும்மா" என்றாள். பிறகு மக் தரையில் விழுந்து உருண்டது. அதன்பின் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது, ஏழு மணிக்குத் தீ தானாக அணைந்து, தாழ்ப்பாள் விலகி, கதவு திறந்தது. உள்ளே ஆவியும் ஈரத் தரையும் நனைந்த துண்டும் இருந்தன. சுகிர்தா இல்லை.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள், அவள் தலை வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்பே கதிர்காமன் கதவை மோதித் திறந்தார். சோப்பு நுரை தரையில் வழிந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. அதன்பின் மூன்று நாள் குளியலறை சத்தமே இல்லாமல் கிடந்தது. அந்த மூன்று நாளும் பவளம் சாப்பிடவில்லை. ஆசாரியை வரவழைத்துத் தாழ்ப்பாளைச் சரிசெய்து கதவை மாட்டிய மறுநாள் காலை டிக் டிக் டிக் என்று மறுபடி கேட்டது. வெளியே வா என்று கூப்பிட்டும் பார்த்தார்கள். "இதோ அஞ்சு நிமிஷம்மா" என்பாள், எல்லாப் பெண்களும் சொல்வதுபோல.

லைனில் இது பரவ ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. பயந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவள் குரலைக் கேட்டதும் பயம் போய்விட்டது. நாலு மாதச் சம்பளத்தில் லைனிலிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்வெட்டர் வாங்கிக்கொடுத்த பெண்ணின் குரலுக்கு எப்படிப் பயப்படுவது? முதல் வீட்டிலிருந்த ஹில்டா டீச்சர், ஓய்வுபெற்றும் பள்ளிக்கூடத்தை நடத்துவதுபோலவே லைனை நடத்தி வந்தவர், அன்று மாலையே ஆறு வீட்டுக்காரர்களையும் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டினார்.

"ஆறு நாப்பதுலேருந்து ஏழு வரைக்கும் யாரும் கொழாயத் தொறக்கக் கூடாது. ஆம்பளைங்க யாரும் பின்பக்க வழியில நடக்கக் கூடாது. அவகிட்ட யாரும் அதச் சொல்லவும் கூடாது."

"எதச் சொல்லக் கூடாது டீச்சர்?" என்றார் ஆறாவது வீட்டுக்காரர்.

"குளிச்சிட்டிருக்கற பொண்ணுகிட்டப் போய்ச் சொல்ற விஷயமா அது?" என்றார் டீச்சர்.

அப்படித்தான் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். பாத்திரத்தை ஆறரைக்குள் கழுவிவிடுவார்கள். ஆண்கள் முன்வாசலில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பார்கள். பெண்கள் பின்பக்கம் போய்க் குளியலறைச் சுவரோரமாக நின்று, "என்ன சுகிர்தா, இன்னிக்கு எந்த ஊரு?" என்று கேட்பார்கள், அவள் ஊர்ப் பெயரைச் சொல்லுவாள். ஏழு இருபத்தைந்துக்கு வரும் மினிபஸ்ஸை ஓட்டிய சலீம் லைன் முனையில் நிறுத்தி ஒரு தடவை ஹாரன் அடித்து, ஒரு நிமிஷம் காத்திருந்து, யாரும் ஏறாமலே எடுத்துக்கொண்டு போவார். பஸ்ஸில் இருப்பவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தாலுகா ஆபீசிலிருந்து ரங்கம்மா என்ற உதவியாளர் அம்மாள் ஒருநாள் வந்தார். புருஷனை இழந்த ஒரு பெண்ணின் நிலத்துக்குச் சுகிர்தா போட்ட வரைபடம் ஆபீசில் காணவில்லை, அந்தப் பெண் மூன்று வாரமாக நடையாய் நடக்கிறாள் என்று பவளத்திடம் சொன்னார். பவளம், நீங்களே கேளுங்கள் என்று கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டாள்.

"ரெண்டாவது பீரோக்கா, மேல்தட்டுல பச்சை நாடா கட்டுன கட்டு. அந்தம்மாவ அலைய விடாதீங்கக்கா, பாவம்" என்றாள் சுகிர்தா. வரைபடம் அங்கேதான் இருந்தது.

ஊட்டியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தபோது, ஹில்டா டீச்சர் குடையோடு லைன் முனையில் நின்றார். "உள்ள ஒரு பொண்ணு குளிக்கறா. ஒங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டார். அவர்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, திரும்பிப் போனார்கள்.

போஜன் ஒரு காலையில் வந்தார். முன்வாசலில் ஆண்களோடு சேர்ந்து நின்று, உள்ளேயிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைக் கேட்டார். "மழை முடியட்டும்னு நான்தானே சொன்னேன்" என்றார். மறுநாள் அவர் ஒரு கடப்பாரையையும் சம்மட்டியையும் கொண்டுவந்து கதிர்காமனின் வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். கதிர்காமன் அவற்றைத் தொடவில்லை. அந்த மாதம் தங்கள் வீட்டுக் கீசரை வந்து பார்க்கச் சொல்லி அவருடைய போன் ஓயாமல் அடித்தது, அதையும் அவர் எடுக்கவில்லை. அதனால் ஊரில் ஜனங்கள் தாங்களே உளியும் சுத்தியலுமாக இறங்கினார்கள். ஜன்னல் இல்லாத குளியலறைகளில் ஓட்டை போடும் சத்தம் பகல் முழுக்க இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

பவளம் மட்டும் அந்த நாட்களில் பூரித்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து மகளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைப்பாள், கொண்டை ஊசியைப் புதிதாகச் செருகிக்கொண்டு, ஆறரைக்கே குளியலறைக் கதவோரம் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவாள். அவளும் மகளும் பேசாத பேச்சில்லை. மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்தச் சேலை, ரேஷன் கடையில் யாரோடு சண்டை, மூக்கில் தடவ எந்த எண்ணெய் நல்லது என்று எல்லாம் பேசினார்கள். ஆறு ஐம்பத்தேழு ஆகப்போகிறது என்று தெரிந்ததும் பவளம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். குக்கரைத் தட்டிவிடுவாள், மிக்சியை ஓட்டுவாள், பாத்திரங்களைப் பாத்திரங்கள்மேல் போடுவாள். கடைசி மூன்று நிமிஷத்தைக் கதிர்காமன் ஒருவர்தான் கேட்டார். மகளை அவர்கள் இப்படிப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவுக்குப் பதினேழு நிமிஷம், அப்பாவுக்கு மூன்று.

மார்கழி பிறந்து உறைபனி விழத் தொடங்கிய ஒருநாள் கதிர்காமன் மனைவியிடம் சொன்னார்.

"பவளம், அந்தக் கீசரக் கழட்டி வெளிய மாத்திரலாம்னு இருக்கேன்."

பவளம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"அது சரியா எரியல. மஞ்சளா எரியுது. காத்து இல்ல."

"சரி பண்ணீங்கன்னா அவ குளிச்சு முடிச்சிருவா" என்றாள் பவளம். "முடிச்சிட்டான்னா போயிருவா."

"தெனமும் அவ..."

"எனக்குப் பதினேழு நிமிஷம் இருக்குங்க. அத எடுத்துக்காதீங்க. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"எனக்கு மூணு நிமிஷம் இருக்கு பவளம். நீ ஒருநாள் வந்து அதக் கேளு."

அவள் வரவில்லை. அன்றிலிருந்து கதிர்காமன் குளியலறைப் பக்கம் போனாலே அவள் போய்க் கதவை மறித்து உட்கார்ந்துகொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் பத்து நாள் போயிற்று.

பதினோராவது நாள் சுகிர்தா வழக்கம்போல் வந்தாள், துண்டு கேட்டாள், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஆனால் கதை ஒன்றும் சொல்லவில்லை.

"ஏன்டி சும்மாருக்க?" என்றாள் பவளம்.

"களைப்பா இருக்கும்மா."

"நேத்து ரொம்ப அலைச்சலா?"

"தெரியலம்மா. எங்க போனேன்னே ஞாபகம் வரமாட்டேங்குது. எப்பப் பாத்தாலும் குளிச்சிட்டே இருக்கற மாதிரி இருக்கு. ஊத்த ஊத்தத் தீரமாட்டேங்குது. வெரலெல்லாம் சுருங்கிப்போச்சும்மா."

பவளம் கதவில் உள்ளங்கையை வைத்தாள். பலகை சூடாக இருந்தது.

"அப்பாவும் நீயும் பேசிக்கறதில்லையா?" என்றாள் உள்ளேயிருந்தவள். "ரெண்டு பேர் சத்தமும் ஒண்ணாக் கேட்டு எவ்ளோ நாளாச்சு."

ஆறு ஐம்பத்தைந்து ஆயிற்று, ஆறு ஐம்பத்தாறு ஆயிற்று. பவளம் எழுந்திருக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்றிருந்த கதிர்காமன், அவள் எழுவாள் என்று பார்த்தார், அவள் எழவில்லை என்று கண்டதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே மூச்சு கனத்தது. "அம்மா, தலை என்னமோ பண்ணுதும்மா" என்றாள் சுகிர்தா. மக் விழுந்து உருண்டது. சுவரைப் பற்ற முயன்ற நகங்கள் கீழே வழுக்கிக்கொண்டு வந்தன, கடைசியில் கதவுக்கு அந்தப் பக்கம், பவளத்தின் முழங்காலுக்கு எதிரே, ஏதோ மெதுவாகச் சாய்ந்தது. கதவு கொஞ்சம் அதிர்ந்தது. பிறகு தண்ணீர் மட்டும் விழுந்தது.

கதவு திறந்த பிறகும் பவளம் அங்கேயே இருந்தாள். கதிர்காமனைப் பார்க்காமலே பேசினாள்.

"அன்னைக்கும் இப்படித்தாங்க சொன்னா. தலை என்னமோ பண்ணுதும்மான்னு. நான் சோறு வடிச்சிட்டிருந்தேன். 'நடிக்காதடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு'ன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ ஒண்ணும் சொல்லல. கோவிச்சுக்கிட்டான்னு நெனச்சேன்."

கதிர்காமனுக்கு இது தெரியாது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புதன்கிழமையே தெரியும் பவளம்" என்றார். "மஞ்சளா எரிஞ்சத நான் பாத்தேன். ஞாயித்துக்கெழம பாக்கலாம்னு விட்டேன்."

அவர்கள் அழவில்லை, ஒருவரை ஒருவர் தொடவும் இல்லை. பவளம் எழுந்து, ஸ்டூலைப் பரணுக்குக் கீழே போட்டு ஏறி, தூசி படிந்த ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

யாரும் சொல்லி அனுப்பாமலே போஜன் வந்துவிட்டார். அறுபத்தைந்து வயதில் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் கடப்பாரையை அவரே பிடித்தார். கருங்கல் சுவர் மத்தியானம் வரை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மணிக்கு ஒரு கல் பெயர்ந்து வெளியே விழுந்தது, வெயில் ஒரு கட்டியாக அந்தக் குளியலறைக்குள் முதல்முறையாக வந்து விழுந்தது. தலையளவுக்கு மேலே ஒரு ஓட்டையும் முழங்காலளவில் இன்னொரு ஓட்டையும் போட்டார்கள். வெண்டிலேட்டரில் இருந்த அட்டையைக் கதிர்காமன் எடுத்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கீசரை இறக்கி வாசல் வெயிலில் வைத்து மூடியைக் கழற்றினார். செம்புத் தகடுகளுக்கு நடுவில் கரி அடையாகப் பிடித்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வோர் இடுக்காகத் தேய்த்தார். பர்னரின் துளைகளை ஊசி விட்டு ஒவ்வொன்றாகக் குத்தி ஊதினார். குழாய்க்குள் எலுமிச்சை உப்புக் கரைசலை ஊற்றி ஊறவைத்துக் கழுவினார். ரப்பர் வளையங்களை மாற்றினார், பேட்டரி இரண்டையும் புதிதாகப் போட்டார். வெளிச்சுவரில் தகரச் சார்ப்புக்குக் கீழே மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் சுவருக்குள் விட்டார். பரிசோதிக்க ஹில்டா டீச்சர் தன் வீட்டுச் சிலிண்டரைக் கொடுத்தார். மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவி எங்கும் குமிழ் வரவில்லை என்று பார்த்தார். குழாயைத் திறந்ததும் டிக் டிக் டிக் என்று அடித்துத் தீ பற்றியது, ஒரு மூலையில் இன்னும் மஞ்சள் தெரிந்தது. மறுபடி கழற்றினார். மூன்றாவது தடவை பற்றியபோது தீ ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே நீலமாக, வரிசையாக, ஆடாமல் எரிந்தது. பிறகு சிலிண்டரைக் கழற்றி டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தார். வெறும் ட்யூப் பழையபடி தொங்கியது.

மறுநாள் காலை ஆறரைக்கே லைனில் எல்லாக் குழாய்களும் மூடியிருந்தன. கதிர்காமன் பின்பக்கம் கீசருக்கு முன்னால் நின்றார், பவளம் உள்ளே கதவோரம் நின்றாள். ஆறு நாற்பதுக்குத் தீ நீலமாகப் பற்றியது.

"அப்பா! கீசர் எங்க? வெளிய மாத்திட்டீங்களா?"

"ஆமா சாமி" என்றார் கதிர்காமன், ஓட்டையின் அருகில் வாயை வைத்து.

"செவுத்துல ஓட்டை போட்டிருக்கீங்க. வெளிச்சமா இருக்குப்பா. ஐயோ, குளுருது."

"கொஞ்சம் குளுரும். பழகிரும்."

அன்றைக்கு அவள் நிறையப் பேசினாள். காட்டெருமைக் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னாள், முன்பு விட்டுப்போன இடங்களையெல்லாம் சேர்த்துச் சொன்னாள். ஆறு ஐம்பத்தேழு வந்தபோதும் பவளம் கதவை விட்டு நகரவில்லை. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, இன்னொரு மக், இன்னொரு மக். பிறகு சுகிர்தா குழாயைத் தானே மூடினாள். வெளியே கதிர்காமனின் கண்ணெதிரே நீலத் தீ ஒரே மூச்சில் அணைந்தது.

தாழ்ப்பாள் விலகியது. "நகரும்மா, நேரமாச்சு" என்று குரல் பவளத்தின் காதோரம் கேட்டது, ஈரத் தலையின் வாசனையும் சூடும் அவளைக் கடந்து போயின. சிமெண்டுத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஈரக் காலடிகள் விழுந்துகொண்டே போயின, அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றன.

"தலையத் தொவட்டுடி, சளி பிடிக்கும்" என்றாள் பவளம். அழக்கூடாது என்று இரவெல்லாம் சொல்லி வைத்திருந்தபடி குரலை வைத்துக்கொண்டாள்.

"தொவட்டிட்டேன்மா."

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"பஸ்ஸு வந்துரும்மா."

லைன் முனையில் சலீமின் ஹாரன் கேட்டது. "போயிட்டு வர்றேன்மா. அப்பா, போயிட்டு வர்றேன்" என்றாள். காலடிகள் வாசற்படியில் இறங்கின, வெயில் பட்ட இடத்தில் காய்ந்துவிட்டன. ஆள் ஏறினால் வண்டி எப்படிப் படிப்பக்கம் லேசாகச் சாயுமோ அப்படிச் சாய்ந்தது என்று சலீம் பின்னால் சொன்னார். அவர் ஒரு நிமிஷம் காத்திருக்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஆறு நாற்பதுக்குப் பொறி அடிக்கவில்லை. ஏழு ஆயிற்று, ஏழரை ஆயிற்று. லைனில் யாருக்கும் குழாயைத் திறக்க மனம் வரவில்லை. எட்டு மணிக்கு, நான்காவது வீட்டிலிருந்து பவளத்தின் குரல் எழுந்தது. இத்தனை நாளும் வராத அழுகை, அடிவயிற்றிலிருந்து, மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி, ஓட்டுக்கூரையைப் பிய்ப்பதுபோல் வந்தது. டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். ரங்கம்மா ஆபீசுக்குப் போகாமல் வந்தார். சலீம் வண்டியை ஓரம்கட்டிவிட்டு வந்தார், போஜன் குடும்பத்தோடு வந்தார். ஐப்பசியில் ஒருமுறை துக்கம் கேட்டுவிட்டுப் போனவர்கள் எல்லோரும் மறுபடி வந்து, அன்று காலையில்தான் சாவு விழுந்த வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார்கள். பெண்கள் பவளத்தைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்கள். ஆண்கள் வாசலில் பெஞ்சு போட்டார்கள். அந்த வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை.

மத்தியானம் டீச்சர் ஒரு தூக்குப்போசியில் கஞ்சி கொண்டுவந்தார். கதிர்காமன் அதை ஒரு டம்ளரில் ஊற்றி ஆற்றி, பவளத்தின் வாயருகே கொண்டுபோனார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள், பல நாட்களுக்குப் பிறகு.

"நீங்க குடிச்சீங்களா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"பாதியக் குடிச்சிட்டுக் குடுங்க" என்றாள்.

அவர் பாதியைக் குடித்துவிட்டு அவளிடம் கொடுத்தார்.